பல்லுடைந்த சிங்கம்

தம்பிமுத்து சிங்கத்தின் வாய்க்குள் கைவிடுவதை நான் முதலில் பார்த்தது லக்ஷனாவின் கைபேசியில். கல்லால் செய்த சிங்கம். மலேசியாவில் ஏதோ ஒரு பழைய சீனக் கோயிலின் வாசல். தொப்பியும் பயணப்பையுமாகக் குனிந்து, பல் வைத்தியரைப் போல அந்த வாய்க்குள் விரல்களை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். எடுத்தவர் சிரித்துக்கொண்டே எடுத்திருக்க வேண்டும். படம் ஆடியது.

"இது ஆர் எடுத்தது?" என்று கேட்டேன்.

"ஹரிசன்ரை அம்மான்ரை ஒண்டுவிட்ட தங்கச்சி. மலேசியா சுத்தப் போன இடத்திலை கண்டிருக்கிறா. 'உங்கடை சம்பந்தி சிங்கத்துக்குப் பல்லுப் பிடுங்குறார்' எண்டு எழுதி, எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறா."

லக்ஷனா தம்பிமுத்துவின் ஒரே மகள். முப்பது தாண்டியவள். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. நட்டஈடு கேட்டு வருகிறவர்களில் யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே தொழில். ஹரிசன் அவள் கட்டப்போகிற பையன். அவனுடைய தாய் மங்களேஸ்வரி இங்கே ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட் பக்கம் இருக்கிறா. தகப்பனும் மகளும் ட்வெய்ட்டா பக்கம், ஓர் உயரமான கட்டடத்தில், என் வீட்டுக்கு மேல்மாடியில். லக்ஷனாவின் தாய் மனோகரியும் நானும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தோம். மனோகரி இறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனால் கட்டடத்தில் யாருக்குக் கால் வீங்கினாலும் கதவு தட்டப்படுவது என்னுடையதுதான்.

"அப்பாக்கு டெமென்ஸ் எண்டு நினைக்கிறன், மறதி துவங்கிட்டுது, மரியா அன்ரி. இல்லாட்டி அங்கை ஒரு மனிசி இருக்கு. இரண்டிலை ஒண்டு."

"மனிசி இருந்தா ஏன் சிங்கத்தின்ரை வாய்க்கை கை விடுறார்?"

"அதுதான் டெமென்ஸ் எண்டுறன்."

மனோகரி இறந்த அடுத்த ஆண்டிலிருந்து தம்பிமுத்து தை மாதம் வந்தால் மலேசியாவுக்குப் போய்விடுவார். கடலுக்கல்ல, கடைக்கல்ல. பினாங்கு, தைப்பிங், ஈப்போ, மலாக்கா என்று ஊர் ஊராகப் பழைய சீனக் கோயில்களைப் பார்ப்பார். கூட யாரையும் கூட்டிப் போகமாட்டார். ஏன் என்று கேட்டால், "பழைய கட்டடம், பாக்க நல்லா இரிக்கும்" என்பார். கல்யாணத்துக்கு நாள் வைப்போம் என்றால், "இந்தமுறை போயிற்று வந்து சொல்றன், மனே" என்பார். மகளை அவர் 'மனே' என்றுதான் கூப்பிடுவார். வந்த பிறகு, அடுத்தமுறை. இப்படி இரண்டு கோடை போய்விட்டது.

"இந்தமுறையும் ஒரு நாள் சொல்லாட்டி, நாங்கள் நகரசபை ராட்ஹூஸிலை போய்க் கலியாணத்தைப் பதிஞ்சிடுவம்," என்றாள் லக்ஷனா. "அவருக்குச் சொல்லமாட்டன். வரவும் வேண்டாம். பிறகு அவர் ஆரோடையாவது இருக்கட்டும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் பேசுகிறவர்கள் சொன்னதைச் செய்வார்கள்.

கைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்து மேசையில் வைத்தாள். சிவப்புக் காகிதத்தில் மடித்த சிறு பொட்டலம். தகப்பனின் பயணப்பெட்டியில் இப்படி நிறைய இருக்கிறதாம். பிரித்தேன். சாம்பல் நிறத் தூள்.

"மங்களேஸ்வரி அன்ரி இதைக் கண்டா வேறை கதை துவங்கிடுவா. மட்டக்களப்பு ஆக்கள் வசியமருந்து வைப்பினம் எண்டு ஏற்கெனவே சாடைமாடையாச் சொல்லிக்கொண்டிருக்கிறா."

முகர்ந்து பார்த்தேன். ஊதுபத்திச் சாம்பல். ஆளைக் கொல்லாது. ஆனால் சாப்பிடுகிறாரா என்பது தெரியவேண்டும். வயதானவர்கள் மாத்திரையை விட்டுவிட்டு இப்படியானவற்றில் இறங்குவதைக் கண்டிருக்கிறேன்.

அன்று மாலையே மேலே போனேன். தம்பிமுத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முதலில் அவருடைய மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கழிந்த நாட்களின் அறைகள் ஒழுங்காக வெறுமையாக இருந்தன. ஒரு விளம்பரத் தாளைத் திருப்பிக் கொடுத்து, ஒரு மணிக்கூடு வரைந்து பத்து மணி பத்து நிமிடம் காட்டச் சொன்னேன். நினைவு குழம்புகிறவர்களுக்கு இது வராது.

"என்னத்துக்கு அக்கா?"

"கீறுங்கோ."

அழகாகக் கீறினார். கீறிவிட்டு, "உங்கட குசினி மணிக்கூடு பிந்தி ஓடுது, அத முதல்ல பாருங்க," என்றார். அவர் சொன்னது சரி.

ஆகவே மறதி நோய் இல்லை. எஞ்சியிருப்பது மற்றது.

தம்பிமுத்துவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மட்டக்களப்பில் ஆரையம்பதிப் பக்கம். ஊரில் அரிசி ஆலையில் யந்திரம் பார்த்தவர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஆலையை எரித்தார்கள். கைக்குழந்தையோடும் மனோகரியோடும் வெளிக்கிட்டவர் பல நாடு சுற்றி ஒஸ்லோவுக்கு வந்தார். இங்கே ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வேலை. சலவை யந்திரம் நின்றுவிட்டால் திருத்தக்காரன் வருமுன்பே இவர் திருத்திவிடுவார் என்று அங்கே ஒரு பெயர். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. பனிக்காலத்தில் யாரும் கேட்காமலே வாசலில் வழுக்காமல் மண் தூவி வைப்பார். இப்படி ஒரு குறையும் சொல்ல முடியாத மனிதர்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. முதியோர் இல்லத்தில் மனைவிமாருக்குத் தினமும் பூ கொண்டுவந்த இரண்டு மூன்று பேரைப் பற்றி எனக்குப் பின்னால் தெரிய வந்தவை அப்படி.

"இந்தமுறை நானும் வாறன்," என்றேன்.

வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார். "லக்ஷனா அனுப்புறாளா?"

"ஓம். உளவு பாக்க. மறைக்க ஒண்டுமில்லாட்டி உங்களுக்கென்ன?"

வெட்டியதைச் சட்டியில் போட்டார். பிறகு, "நல்ல சப்பாத்தாப் போடுங்க. படி கூட," என்றார்.

நான் வேதக்காரி. பாஷையூரில் ஞானஸ்நானம் பெற்றவள். சீனக் கோயிலில் எனக்கு அலுவல் இல்லை. என் செலவில் வருவேன், எங்கேயும் கும்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

முதலில் ஈப்போ. பிறகு தைப்பிங். கோயில்களைப் பற்றிப் பலர் அழகாக எழுதியிருப்பார்கள். நான் கண்டதை எழுதுகிறேன். சப்பாத்தோடு உள்ளே போகலாம், அது வசதி. வாசற்படிக் கட்டை முழங்கால் உயரம்; அதை மிதிக்கக்கூடாது, தாண்டவேண்டும். என் போன்ற முழங்காலோடு வருகிறவர்களைப் பற்றிக் கட்டியவர்கள் நினைக்கவில்லை. கைபிடி எங்கும் இல்லை. விளக்கெண்ணெய் சிந்தித் தரை வழுக்குகிறது. முகட்டிலிருந்து சுருள் சுருளாக ஊதுபத்திகள் தொங்கி நாள் முழுக்கப் புகைகின்றன. இளைப்பு நோய்க்காரர் வெளியே நிற்பது நல்லது. கூரை முழுக்கப் பீங்கானை உடைத்து ஒட்டிய பறவைகளும் பூக்களும் நாகங்களும். கதவுகளில் தாடி வைத்த காவற்காரர் இருவர், ஆளை முறைத்தபடி. அவர்கள் முறைத்தது எனக்குப் பிடித்திருந்தது. கண்ணை மூடிச் சிரிக்கிற சாமிகளைவிட அவர்கள் வேலையைச் செய்கிறார்கள்.

தம்பிமுத்து இவை எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு கோயிலிலும் அவர் செய்தது ஒன்றேதான். வாசலில் இரண்டு கற்சிங்கங்கள் இருக்கும். ஒன்றின் வாயில் கல் உருண்டை ஒன்று, வெளியே எடுக்க முடியாமல், உருட்டக்கூடியதாக இருக்கும். சிற்பி வாய்க்குள்ளேயே செதுக்கியது. நேரே போய் அந்த வாய்க்குள் கையை விடுவார். உருண்டையை உருட்டுவார். கீழ்வரிசைப் பல்லை ஒவ்வொன்றாகத் தடவுவார். முகம் ஒரு கணம் வாடும். பிறகு உள்ளே போய் அம்மன் முன்னால் நிற்பார், கொஞ்சம் சாம்பல் கேட்டு வாங்கிச் சிவப்புக் காகிதத்தில் மடித்துக்கொள்வார், வெளியே வருவார். அவ்வளவுதான்.

"இதுக்கை என்ன தேடுறியள், தம்பி?"

"பழைய வேலப்பாடு. கையால பாத்தாத்தான் தெரியும்."

பொய். எண்பது வயதுக்காரர் "நான் விழவில்லை, இருந்தேன்" என்று சொல்லும்போது வருகிற அதே குரல்.

பினாங்கில் மூன்றாம் நாள் காலை என்னைக் கூப்பிடாமலே விடுதியிலிருந்து இறங்கிப் போனார். கையில் ஒரு பை. நான் எதிர்பார்த்தது அதுதான். சப்பாத்தை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். சந்து சந்தாக நடந்தார். ஒரு பழைய கோயிலின் பக்கவாட்டில் ஊதுபத்திக் கடை. கடைக்குள்ளிருந்து ஒரு சீனப் பெண் வெளியே வந்தாள். அறுபது இருக்கும்; கட்டை மயிர், பூப்போட்ட காற்சட்டை. இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பையிலிருந்து ஒரு பொதியை எடுத்துக் கொடுத்தார். அவள் அவருடைய தோளில் தட்டிச் சிரித்தாள்.

சரி, பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். நேரே போய் இருவருக்கும் நடுவில் நின்றேன்.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தமிழில் கேட்டாள்: "நீங்க அவரு சம்சாரமா?"

"இல்லை. நீங்கள் ஆர்?"

"நான் ஜூலியா. சின்னதுல தோட்டத்துல வளந்தேன், பக்கத்து லயத்துல எல்லாம் தமிழாளுங்க. இவரு வருஷா வருஷம் வர்றாரு. நாங்க 'சிங்கத்து ஐயா'ன்னு சொல்வோம்." பொதியைத் தூக்கிக் காட்டினாள். "இந்த மண்ணு நெறச் சீஸ் கொண்டு வருவாரு. எனக்குப் புடிக்காது, சவுக்காரம் மாதிரி இருக்கு. எங்க வீட்டு நாய்க்குப் புடிக்கும்."

நோர்வேயின் பழுப்புப் பாற்கட்டியை நாய்க்குப் போடுகிற பெண்ணை ஒருவரும் காதலியாக வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கேட்டேன். "ஏன் இவருக்கு இவ்வளவு உதவி செய்யிறியள்?"

"எங்கெங்க பழைய சிங்கம் இருக்குன்னு விசாரிச்சு வைப்பேன். அவரோட கொழந்தைக்காக. ஒங்களுக்குத் தெரியாதா?"

தம்பிமுத்து வெறும் பையை மடித்துக்கொண்டு வீதியைக் கடந்தார்.

எதிரே ஒரு கோப்பிக் கடை. மூவரும் போய் இருந்தோம். "இனிச் சொல்லுங்கோ," என்றேன். "நான் மேல்மாடியிலை ஒரு பிள்ளைக்குப் பதில் சொல்லவேணும்."

கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஊர விட்டு வரக்குள்ள, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் எங்கள மலேசியாவில ஊர் ஊரா மாத்தி மாத்தி வச்சிருந்தான், அக்கா. வான் கண்ணாடிக்குக் கடதாசி ஒட்டி. என்ன ஊர் எண்டு கேட்டா, ஒவ்வொருக்கா ஒவ்வொரு பேர் சொல்லுவான். ஒரு ஊர்ல புள்ளைக்கு வயித்தால போய், பால எடுக்கல்ல. கண் உள்ளுக்குப் போயிற்று. ஆசுப்பத்திரிக்குப் போனா எங்களப் பொலிசில குடுப்பாங்க. மனோகரி புள்ளயத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடிற்றா. நான் பின்னால ஓடினன். முடக்கில ஒரு சீனக் கோயில். உள்ளுக்கு ஒரு அம்மன், கையில புள்ள. மனோகரி நம்மட அம்மன் எண்டே நினச்சிற்றா. 'இந்தா, இது இனி உன்ர புள்ள, நீ பாத்துக்கொள்' எண்டு காலடியில கிடத்திற்றா."

இது எனக்குப் புதிதல்ல. தப்பாது என்று தோன்றுகிற பிள்ளையைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, பிழைத்த பிறகு தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவது சைவக்காரர் வழக்கம். கொடுத்தால் அது தெய்வத்தின் பிள்ளை. விதி அதைத் தேடி இந்த வீட்டுக்கு வராது. வாங்கினால்தான் மறுபடி தாய் தகப்பனின் பிள்ளை.

"எங்களுக்கும் அது இருக்கு லா," என்றாள் ஜூலியா, மலேசியர் வழக்கப்படி ஒரு 'லா'வை ஒட்டி. "கொவான் யின் அம்மாவுக்குக் கொடுப்பாங்க. கல்யாணத்துக்கு முன்னால வந்து, சொல்லி, விடுவிச்சுக்கணும்."

"கோயில் கிழவி ஒராள் கொஞ்சம் தண்ணி பருக்கினா," என்றார் தம்பிமுத்து. "ஏதோ வேர் அவிச்ச தண்ணி. சாம்பலும் நெத்தியில பூசினா. அதாலதான் போற கோயில் எல்லாத்திலயும் கொஞ்சம் சாம்பல் வாங்கி வைக்கிறன். அடுத்த நாள் புள்ள பால் குடிச்சிற்று. மூணாம் நாள் வாசல் சிங்கத்தின்ர வாய்க்குள்ள கைய விட்டு உருண்டைய உருட்டுறா. அதில ஒரு கீழ்ப்பல்லு உடஞ்சி, கூரா இரிந்தது. கை கிழியும் எண்டு நான்தான் இழுத்து எடுத்தன். அடுத்த நாள் தவிடு வாங்கிற்று வந்து புள்ளய வாங்குவம் எண்டு இரிந்தம். அண்டைக்கு விடியவே வான் வந்திற்று."

"வாங்கேல்லை."

"வாங்கல்ல. மனோகரி சாகக்குள்ள சொன்னது அது ஒண்டுதான். 'அம்மன்ர புள்ளய நாம எப்பிடிக் கட்டிக் குடுக்கிற? வாங்கிற்றுக் குடு.' எந்த ஊர் எண்டு அவக்கும் தெரியா."

ஆகவே மனிதர் பல்லுடைந்த ஒரு சிங்கத்தைத் தேடி ஆண்டுதோறும் ஒரு நாடு முழுக்க வாய்க்குள் கைவிட்டுத் திரிந்திருக்கிறார். சிங்கம் மாற்றப்பட்டிருக்கலாம். கோயில் இடிக்கப்பட்டிருக்கலாம். இதையெல்லாம் சொன்னேன். "தெரியும்," என்றார்.

"ஏன் லக்ஷனாவுக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்ல? நோர்வேயில வளர்ற புள்ளைக்கு 'உன்னக் கோயிலுக்குக் குடுத்திற்றம், இன்னும் வாங்கல்ல' எண்டு சொன்னா, அவ பள்ளிக்கூடத்தில போய் டீச்சருக்குச் சொல்லுவா. டீச்சர், புள்ளயளப் பறிச்செடுக்கிற பார்னவார்னுக்குச் சொல்லுவா. பிறகு அவங்க வந்து கேட்டா? பயத்தில வாயப் பொத்தினம். பொத்தினது பொத்தினதுதான்."

அந்தப் பயம் எனக்கும் தெரியும். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்பதைக்கூட யன்னல் திரையை மூடிவிட்டுத்தான் செய்தோம்.

"அவள் உங்களுக்கு இஞ்சை ஒரு மனிசி இருக்கு எண்டு நினைக்கிறாள்," என்றேன்.

அவருக்குக் கோப்பி புரைக்கேறிவிட்டது. ஜூலியா முதுகில் தட்டவேண்டியிருந்தது.

"மனிசியா? எனக்கா?"

"இந்தமுறை நாள் சொல்லாட்டி உங்களுக்குச் சொல்லாமல் பதியப்போறாள். கலியாண வீட்டுக்கு நீங்கள் இல்லை. இனி உங்கடை விருப்பம். நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லவோ?"

பிற்பகல் கோயில் முற்றத்தில் நின்று லக்ஷனாவுக்கு நானே வீடியோ அழைப்பு எடுத்தேன். ஒஸ்லோவில் அப்போது காலை. திரையில் கம்பளித் தொப்பியும் பின்னால் நிலக்கீழ் ரயிலின் சனமும் தெரிந்தன.

"பானிலை நிக்கிறன், அன்ரி. ஆர் அது? கண்டு பிடிச்சிட்டியளோ?"

"கண்டு பிடிச்சிட்டன். நீ இறங்கு. அப்பா கதைக்கிறார்."

ஹெல்ஸ்ஃபியூர் நிலையத்தில் இறங்கினாள். தம்பிமுத்து கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். வேர்த் தண்ணி, சிங்கம், வான், தாயின் கடைசிச் சொல். அவள் மூச்சுப் புகையாகப் போவது மட்டும் தெரிந்தது. ஒரு ரயில் வந்தது, போனது. அவள் ஏறவில்லை.

"அப்ப என்னைக் குடுத்திட்டு, திருப்பி எடுக்காமல் வந்திட்டியள்," என்றாள் கடைசியில்.

"ஓம், மனே."

"இதுக்கு ஆதாரம் இருக்கோ?"

அவள் தொழில் அது.

"இல்ல. அந்தக் கோயில் இதுவும் இல்ல. இஞ்ச சிங்கத்துக்குப் பல்லெல்லாம் முழுசா இரிக்கி."

அந்த இடத்தில்தான் அவள் நம்பினாள் என்று நினைக்கிறேன். பொய் சொல்ல வந்தவர் கோயிலைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

"மங்களேஸ்வரி அன்ரிக்கு நான் இதை என்னெண்டு சொல்லுறது? கேட்டா அவ சிரிப்பா." மூக்கைத் துடைத்தாள், குளிருக்கோ எதற்கோ. "சரி. அம்மா கேட்டது. என்ன செய்யவேணும்? அந்தச் சிங்கம் கிடைக்காட்டி நான் கடைசிவரை வாங்காமல் கிடக்கிறதோ?"

ஜூலியா எட்டிப் பார்த்தாள். "பாப்பா, கொவான் யின் அம்மாகிட்டயே கேட்டுடலாம் லா. நான் எத்தனை தரம் சொன்னேன், ஐயா சிங்கத்தைத்தான் தேடுவேன்னாரு."

கைபேசியோடு உள்ளே அம்மன் முன்னால் போனோம். கேட்கும் முறை இது. பிறை வடிவத்தில் இரண்டு மரத்துண்டுகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. கேள்வியைச் சொல்லித் தரையில் போடவேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று முதுகாகவும் விழுந்தால் ஓம். இரண்டும் முதுகு காட்டினால் இல்லை. இரண்டும் தட்டை காட்டினால் அம்மன் சிரிக்கிறா, கேள்வி சரியில்லை. சைவக் கோயில்களில் பூக்கட்டிப் பார்ப்பதைப்போல.

தம்பிமுத்து மண்டியிட்டு, "தாயே, இதுதானா அந்தக் கோயில்?" என்று கேட்டுப் போட்டார். இரண்டும் தட்டை.

"சிரிக்கிறாங்க," என்றாள் ஜூலியா. "தெரிஞ்சதையே ஏன் கேக்கறீங்க? எந்தக் கோயில்னு கேக்காதீங்க லா. இந்த அம்மா இங்கேயே பொறந்தவங்களா? அந்தக் காலத்துல கப்பல்ல வந்த எங்க ஆளுங்க, ஊர்க் கோயில் சாம்பலைக் கொஞ்சம் மடிச்சுக் கழுத்துல கட்டிட்டு வந்தாங்க. அதை இந்தச் சட்டியில போட்டுத்தான் இந்தக் கோயிலே வந்துச்சு. சாம்பல் போற எடத்துக்கு அம்மாவும் போவாங்க. பொண்ணு இங்க வரலன்னா அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. 'ஒஸ்லோவுல குடுப்பியா'ன்னு கேளுங்க."

கேட்டார். போட்டார். ஒன்று தட்டை, ஒன்று முதுகு.

"ஒருக்கா விழுறது தற்செயல்," என்றாள் கைபேசியிலிருந்து லக்ஷனா. "மூண்டு தரமாவது போடவேணும்."

"முறையே மூணு தரம்தான்," என்றாள் ஜூலியா. "பாப்பாவுக்கு யாரு சொன்னா?"

இரண்டாம் தரமும் ஓம். மூன்றாம் தரம் தம்பிமுத்து கொஞ்சம் உயரத்திலிருந்து போட்டார். ஒரு துண்டு அவர் முன்னால் முதுகு காட்டி விழுந்தது. மற்றது துள்ளி, எண்ணெய்த் தரையில் வழுக்கி, பூசை மேசைக்கு அடியில் போய்விட்டது.

சாமி மேசைக்கு அடியில் கைவிட மற்றவர்களுக்குப் பயம். நான் வேதக்காரி, எனக்குப் பயமில்லை. முழங்காலைத் தரையில் ஊன்றி, மேசைத் துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே தலையை விட்டேன். தூசியும் காய்ந்த தோடம்பழத் தோலும். அந்தத் துண்டு மேசைக் காலில் சாய்ந்து, விளிம்பில் நின்றது. தட்டையுமில்லை, முதுகுமில்லை. நான் கையை நீட்டினேன். விரல் பட்டதும் சரிந்து விழுந்தது.

"தட்டை," என்றேன் உள்ளேயிருந்தே.

"சத்தியமாவோ, அன்ரி?" என்றாள் லக்ஷனா.

"வந்து பார்."

ஜூலியா குனிந்து பார்த்தாள். தட்டைதான்.

விமானத்தில் தம்பிமுத்து சாப்பாட்டை முடித்தார். பிறகு கேட்டார்: "அக்கா, அது எப்பிடிக் கிடந்தது?"

"சாய்ஞ்சு நிண்டது. என்ரை கை பட்டு விழுந்தது."

யோசித்தார். "எடுக்கக் கை படத்தானே வேணும்," என்றார். பிறகு நித்திரையாகிவிட்டார். வாயைத் திறந்தபடி, குறட்டையோடு, ஒஸ்லோ வரை.

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய குசினி மேசையில் வெண்கலக் கிண்ணம் ஒன்றில் அந்தச் சாம்பலை வைத்தோம். நெல்லுத் தவிடு ஒஸ்லோவில் கிடைக்கவில்லை. ட்வெய்ட்டா கடையில் ஓட்ஸ் தவிடு ஒரு பக்கெற் வாங்கினார். அரிசி ஆலையில் நின்ற மனிதர். பிரித்து உள்ளங்கையில் போட்டு ஊதிப் பார்த்துவிட்டு, "இது தவிடெண்டு சொல்ல ஏலாது, ஆனா பறுவாயில்ல," என்றார். தாய்மாமன் வாங்குவது முறை. மனோகரியின் சகோதரர்கள் யாரும் மிஞ்சவில்லை. தகப்பனே வாங்குவதென்று முடிவாயிற்று. விற்கிற பக்கத்தில் நிற்க, குடும்பத்தைச் சேராத ஒருவர் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்று காலைதான் மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு வந்திருந்தேன். நின்றேன்.

ஹரிசன் தாயோடு வந்திருந்தான். மங்களேஸ்வரி கிண்ணத்தைக் கண்டதும் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டா.

"இது என்ன தூள்? என்ரை பிள்ளைக்குத் தேத்தண்ணி ஒண்டும் குடுக்காதேங்கோ. அவன் வீட்டிலை குடிச்சிட்டு வந்தவன்."

"அம்மா!" என்றான் ஹரிசன்.

தம்பிமுத்து கேட்டார்: "இந்தப் புள்ளயத் தருவீங்களா?"

"தாறன்," என்றேன்.

"என்ன விலை?"

"தவிடு."

பக்கெற்றை என் கையில் வைத்தார். நான் லக்ஷனாவின் முழங்கையைப் பிடித்து, நோயாளியைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுவதைப்போல, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினேன். அவ்வளவுதான். லக்ஷனா தகப்பன் பக்கத்தில் நின்றுகொண்டு கைபேசியைத் திறந்து நாட்காட்டியை எடுத்தாள்.

"இப்ப நாளைச் சொல்லுங்கோ, அப்பா."

"ஆவணி நல்ல மாதம், மனே."

"ஆவணிக்குக் கலியாண ஹோல் இல்லை. கேட்டு வைச்சிட்டன்."

"அப்ப ஆனி."

"ஆனி எத்தினை?"

அவர் பஞ்சாங்கத்தைத் தேட உள்ளே போனார். அவள் பின்னாலேயே போனாள். இனி விட்டால் மறுபடி மலேசியாவுக்குப் போய்விடுவார் என்று பயமோ என்னவோ.

கல்யாணம் ஆனியில் நடந்தது. தம்பிமுத்து முன்வரிசையில் இருந்தார், தாரை வார்த்துக் கொடுத்தார். அன்று நல்ல வெயில். மங்களேஸ்வரி இப்போது வேறொன்று சொல்லித் திரிகிறா என்று ஒஸ்லோவின் மறுகோடியான பியோர்ண்டாலிலிருந்து எனக்குச் செய்தி வந்தது: மட்டக்களப்பார் ஓட்ஸில் ஏதோ மந்திரித்து வைத்தார்களாம், அதனால்தான் ஹரிசன் மாமனார் வீட்டிலேயே கிடக்கிறானாம். அந்தப் பக்கெற் என் அலுமாரியில்தான் இருந்தது. விற்றதற்குக் கிடைத்த விலை. காலையில் கஞ்சியில் போட்டுச் சாப்பிட்டு முடித்துவிட்டேன். மலச்சிக்கலுக்கு நல்லது.